மார்லோவைப் படிக்க அகராதி வேண்டுமா?

வணக்கம் சார்,

நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு துப்பறிவாளர் மார்லோ வரும் ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ நாவலை வாங்கினேன். ஆங்கில நாவல்கள் ஓரளவு படிப்பவன்தான், ஆனாலும் இதில் பக்கத்துக்கு நாலு வார்த்தை இடறுகிறது. ஒவ்வொன்றாகப் போனில் தேடிப் பார்த்ததில் கதை கைநழுவிப் போய்விட்டது, யார் யாரை மிரட்டுகிறார்கள் என்பதே குழப்பம். குறிப்புகளோடு ஒரு பதிப்பு இருக்கிறதாமே, அதை வாங்கட்டுமா? இல்லை, இதெல்லாம் அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு என்று விட்டுவிடட்டுமா? அடுத்து இன்னொரு துப்பறியும் கதைக்காரர் ஹாமெட் வேறு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

விடாதீர்கள். போனை மட்டும் தள்ளி வையுங்கள்.

உங்களை இடறும் அந்தக் கொச்சைப் பேச்சில் பாதி அன்றைக்கு வாசித்தவர்களுக்கே குத்துமதிப்பாகத்தான் புரிந்திருக்கும். சாண்ட்லரே ஒரு வகையில் வெளியாள். 1888இல் சிகாகோவில் பிறந்தாலும் படித்து வளர்ந்தது இங்கிலாந்தில், டல்விச் கல்லூரியில். எண்ணெய்க் கம்பெனி வேலை பறிபோன பிறகு நாற்பத்தைந்து வயதில்தான் ‘பிளாக் மாஸ்க்’ பத்திரிகையில் முதல் துப்பறியும் கதை வருகிறது. அமெரிக்கப் பேச்சை அயல்மொழி மாதிரி உட்கார்ந்து கற்றவர், தெருப்பேச்சை நோட்டில் எழுதி வைத்தவர், போதாததற்குச் சொந்தமாகவும் சிலதை உண்டாக்கினார். தலைப்பில் இருக்கும் ‘பிக் ஸ்லீப்’, அதாவது சாவுக்கு ‘பெரிய தூக்கம்’ என்பது தன்னுடைய கைச்சரக்கு என்றும், நாடகாசிரியர் யூஜின் ஓநீல் அதை நிஜமான தாதா பாஷை என்று நம்பி நாடகத்தில் போட்டுவிட்டார் என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஓநீலே ஏமாறுகிற இடத்தில் உங்களுக்கும் எனக்கும் அகராதி என்ன செய்துவிடும்?

ஹாமெட் அப்படியில்லை, பிங்கர்ட்டன் நிறுவனத்தில் நிஜமாகவே துப்பறிந்தவர். ‘மால்ட்டீஸ் ஃபால்க’னில் வில்மர் என்ற பையனை ‘கன்சல்’ என்று துப்பறிவாளர் ஸ்பேட் திட்டுவார். ‘பிளாக் மாஸ்க்’ ஆசிரியர் ஷா ஆபாசத்தை அனுமதிக்கவே மாட்டார். ஆனால் ஏதோ துப்பாக்கிக்காரனைச் சொல்கிறார்கள் என்று நினைத்து இதை விட்டுவிட்டார். உண்மையில் அது ஒரு பெரிய மனிதர் தன் சுகத்துக்கு வைத்திருக்கும் பையனைக் குறிக்கும் சொல். 1941இல் படம் வந்தபோது தணிக்கையையும் தாண்டிப் போனது. அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் துப்பாக்கிக்காரன் என்றே எழுத, இன்றைய அகராதியில் அந்த அர்த்தமும் ஏறிவிட்டது!

சரி, கொச்சையை விட்டுத் தள்ளுங்கள். தேடியே ஆகவேண்டும் என்றால் பணத்தையும் சட்டத்தையும் தேடுங்கள், கதை நிற்பது அவற்றின் மேல்தான். மார்லோவின் கூலி ஒரு நாளைக்கு 25 டாலர், செலவு தனி. இன்றைக்குப் படித்தால் பாவப்பட்ட ஆள் என்று தோன்றும். ஆனால் நாவல் வந்தது 1939இல், அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்காவில் மணிக்கு 25 சென்ட் என்று முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலியை வைத்தார்கள். அதாவது மார்லோவின் ஒரு நாள், ஒரு தொழிலாளியின் நூறு மணி நேரம். அதிர்ஷ்டம் இருந்தால்தான் அது கிடைக்கும் என்று அவரே முனகுகிறார், அது வேறு விஷயம். ஆனாலும் இந்தக் கணக்கு தெரிந்த பிறகு, லஞ்சத்தை அவர் மறுக்கும் இடங்களைப் பட்டினிக்காரனின் வீராப்பாக என்னால் படிக்க முடியவில்லை.

இன்னொன்று. சாண்ட்லரின் இன்னொரு நாவலான ‘ஃபேர்வெல், மை லவ்லி’யில் மார்லோ ராத்திரியில் படகு பிடித்துக் கடலில் நிற்கும் சூதாட்டக் கப்பலுக்குப் போகிறார். ஏன் இந்தத் திருகுதாளம், ஊருக்குள் ஒரு கிளப் போதாதா என்று எனக்கும் தோன்றியதுண்டு. கரையிலிருந்து மூன்று மைல் தாண்டினால் கலிபோர்னியா சட்டம் செல்லாது என்பதுதான் கப்பல்காரர்களின் வாதம். சாண்டா மோனிகா கடலில் டோனி கார்னீரோ ‘ரெக்ஸ்’ என்ற கப்பலை நிஜமாகவே நிறுத்தி வைத்திருந்தார், வாடகைப் படகுகள் ஆட்களை ஏற்றிப்போய் விட்டன. 1939இல் மாநில அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரன் புகுந்து மூடினார். நாவல் அடுத்த வருடம் வந்தது.

சில இடங்களில் நாவலே சொல்லிக் கொடுத்துவிடும். ‘தி பிக் ஸ்லீப்’பில் கைகர் என்பவரின் புத்தகக் கடைக்குள் மார்லோ போய் ‘பென்ஹர்’ 1860ஆம் வருடப் பதிப்பு இருக்கிறதா என்று கேட்கும் இடத்தை மறுபடி பாருங்கள். கடைப் பெண் இப்போதைக்கு இல்லை என்கிறாள். பக்கத்தில் வேறொரு கடையில் கேட்டால், அப்படி ஒரு பதிப்பே கிடையாது என்று அங்கிருக்கும் பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறாள். ‘பென்ஹர்’ வெளிவந்ததே 1880இல்தான். அது தெரியாவிட்டாலும் முதல் கடை புத்தகம் விற்கும் கடையல்ல என்பது உங்களுக்கு விளங்கிவிடும். உள்ளே நடப்பது ஆபாசப் புத்தக வாடகை நூலகம், எடுத்த தேதி, திருப்பிய தேதி எல்லாம் முத்திரை குத்தி.

நீங்கள் சொல்லும் குறிப்புப் பதிப்பு 2018இல் வந்தது, நல்ல உழைப்பு. ஆனால் முதல் வாசிப்புக்கு வேண்டாம், கண் பாதி நேரம் குறிப்பில்தான் நிற்கும். சாதாரணப் பதிப்பில் ஒரே மூச்சில் முடியுங்கள். கதையில் வரும் டிரைவரைக் கொன்றது யார் என்று மட்டும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், படம் எடுத்தவர்கள் கேட்டபோது சாண்ட்லருக்கே தெரியவில்லை.

ஹாமெட்டில் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ இருந்தால் முதலில் அதை எடுங்கள். 1920 முதல் 1933 வரை அங்கே மது விற்பது குற்றம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், அந்த ஊரில் ரவுடிகள் கையில் இவ்வளவு காசு எப்படி வந்தது, போலீஸ் ஏன் அவர்கள் பக்கம் நிற்கிறது என்பதற்கு வேறு குறிப்பு தேவைப்படாது.