குத்தே படாத எதிராளியை எப்படி மடக்குவது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது 19, 60 கிலோ பிரிவில் குத்துச்சண்டை ஆடுகிறேன். மாகாணப் போட்டியில் மறுபடியும் மோதப்போகிறவர் என்னைவிட உயரம், வலக்கைக்காரர். பின்னுக்குப் போய்ப் போய், சாய்ந்து, விலகியே தப்பிவிடுவார். போனமுறை மூன்று சுற்றும் துரத்தியது நான். புள்ளி எடுத்தது அவர். தொழில்முறை வீரர் மேவெதரோடு மைதானா ஆடிய முதல் சண்டையைப் பார்த்தேன். அதுபோல மேலே விழுந்து விழுந்து அடித்தால் சரிவருமா?

பதில்: தம்பி, பாதி சரிவரும். மற்றப் பாதி உங்களைத் தோற்கடிக்கும். எந்தப் பாதி எதுவென்று முதலில் பிரித்துக்கொள்வோம்.

2014 மே 3-ஆம் திகதி லாஸ் வேகஸில் மார்கோஸ் மைதானா செய்தது பெரிய காரியம். மேவெதரைக் கயிற்றோரம் தள்ளிவைத்து, தோளுக்கு மேலால் வளைந்து இறங்கும் வலக்கைக் குத்தை விட்டுக்கொண்டே இருந்தார். அந்த இரவு அவர் வீசிய குத்துகள் 858, பட்டவை 221. மேவெதர் வீசியது 426 மட்டுமே, பட்டது 230. ஒரு நடுவர் 114–114 என்று சமன் கொடுத்தார். மற்ற இருவரும் மேவெதருக்குக் கொடுத்தார்கள். அதாவது இரண்டு மடங்கு வீசியவர் குறைவாகவே பட வைத்தார், தோற்றும் போனார். அதுவும் 12 சுற்று, 36 நிமிடச் சண்டையில். உங்களுக்கு இருப்பது மூன்று மூன்றாக 9 நிமிடம். எதிராளி களைக்கும்வரை காத்திருந்து கடைசியில் பிடிப்பதற்கு உங்கள் சண்டையில் நேரமே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த மறுபோட்டியில் மேவெதர் கயிற்றோரம் நின்று கொடுக்கவுமில்லை. கால்களால் நழுவினார், நெருங்கினால் கட்டிப்பிடித்தார், முதல் சண்டையைவிடத் தெளிவாக வென்றார். ஒரே வழியை மட்டும் கொண்டுபோனால் கெட்டிக்காரத் தற்காப்புக்காரர் அதை ஒருமுறை பார்த்தே படித்துவிடுவார்.

நீங்கள் பார்க்க வேண்டிய சண்டை வேறு. 2020 அக்டோபர் 17-ஆம் திகதி தியோஃபிமோ லோபஸ், வசில் லொமச்சென்கோவை வென்ற சண்டை. லொமச்சென்கோ 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். இரண்டாவது தங்கம் உங்கள் 60 கிலோ பிரிவிலேயே வந்தது. லோபஸோ 2016 ரியோவில் அதே 60 கிலோவில் தன் முதல் சண்டையிலேயே தோற்று வெளியேறியவர். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மோதியபோது பெரும்பாலானோர் லொமச்சென்கோவுக்கே என்றார்கள். மூன்று நடுவர்களும் லோபஸுக்குக் கொடுத்தார்கள்: 116–112, 117–111, 119–109. முதற் பாதி முழுவதும் லோபஸின் ஜாப்பும் (முன்கையால் நேரே வீசும் குத்து) உடம்புக்குப் போன வலக்கையும் லொமச்சென்கோவைக் கிட்ட வர யோசிக்க வைத்தன. லொமச்சென்கோ மிகக் குறைவாகவே வீசினார். பிற்பாதியில் அவர் விழித்தெழுந்து நன்றாக ஆடியும், இழந்த சுற்றுகளை எடுக்க முடியவில்லை. லோபஸ் துரத்தவில்லை, இடத்தைப் பிடித்துக்கொண்டார். முதல் மணி அடித்த கணத்திலிருந்தே பிடித்துக்கொண்டார் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மூன்று சுற்றுச் சண்டையில் முதல் சுற்றை விட்டால் மிச்சம் இரண்டையும் எடுத்தேயாக வேண்டும்.

இனிப் புள்ளி விஷயம். உங்களுடையது போன்ற அமெச்சூர் (தொழில்முறையல்லாத) சண்டையில் நடுவர்கள் ஒவ்வொரு சுற்றையும் யாருக்காவது கொடுத்தாக வேண்டும்: வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. அவர்கள் முதலில் பார்ப்பது, கையுறையின் முட்டிப் பகுதியால், தலையின் முன்னும் பக்கமும் அல்லது பெல்ட்டுக்கு மேலே உடம்பிலும் சுத்தமாகப் பட்ட குத்துகளை. கையில், கையுறையில் பட்டதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தை நம் பிள்ளைகள் கவனிப்பதில்லை: தப்புவதற்கும் புள்ளி இல்லை. அவர் பத்துக் குத்துக்கு அழகாக விலகிவிட்டு ஒன்றும் திருப்பி வீசாமல் போனால், நீங்கள் நெஞ்சில் வைத்த ஒரே ஒரு ஜாப் அந்தக் கட்டத்தை உங்களுக்குத் தரலாம். போனமுறை நீங்கள் தோற்றது அவர் விலகியதால் அல்ல. நீங்கள் வெறுங்காற்றில் வீசிய ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றைத் திருப்பி வைத்ததால். எனவே அவரை விழுத்த வேண்டுமென்ற எண்ணத்தை விடுங்கள். ஒவ்வொரு மோதலிலும் கடைசியாகப் படும் குத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

துரத்துவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் குத்தைவிட இதில்தான் நீங்கள் தோற்றிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பட்டிக்கு மாடு சாய்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் பின்னால் ஓடுகிறவன் நாள் முழுக்க ஓடுவான்; அனுபவசாலி மாடு திரும்பவிருக்கும் பக்கம் இரண்டடி முன்பே போய் நிற்பான். றிங்கிலும் அப்படியே. கயிற்றுக்குள் இருப்பது 6.10 மீற்றர்ச் சதுரம். நேரே பின்னால் போனால் நாலைந்து எட்டில் கயிறு வந்துவிடும், ஆகவே அவர் பக்கவாட்டில் நழுவித்தான் தீர வேண்டும். நீங்கள் அவர் முகத்தை நோக்கி நடக்காமல், அவர் நழுவப்போகும் பக்கத்தை நோக்கிப் பக்கவாட்டில் எட்டு வையுங்கள். உங்கள் இடப்பக்கம் போனால் முதலில் இடக்கால் நகரட்டும், கூடவே இடக்கை ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) அந்தக் கதவை மூடட்டும். வலப்பக்கம் போனால் வலக்கால் முதலில், வயிற்றுக்கு வலக்கை. காலைக் காலின் குறுக்கே ஒருபோதும் போடாதீர்கள். அந்த அரை நொடிக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். அவர் மூலைக்குப் போன பிறகும் பாயாதீர்கள். ஒரு கை நீளம் விட்டு நில்லுங்கள். மூலையில் நிற்பவருக்கு இரண்டே வழி, இரண்டும் உங்கள் கைகளுக்கு நேரே.

அடுத்தது எங்கே குத்துவது. தலை மூன்று பக்கமும் போகும், நெஞ்சு அப்படிப் போகாது. உயரமானவருக்கு எதிராக முதல் சுற்றில் உங்கள் ஜாப்பில் பெரும்பங்கு நெஞ்சுக்கும் வயிற்றின் மேற்பகுதிக்கும் போகட்டும். முழங்காலை மடித்து இறங்குங்கள், முதுகை வளைத்து அல்ல. முதுகை வளைத்தால் தலை முன்னே போகும்; அவருடைய அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) அதற்காகத்தான் கீழே காத்திருக்கும். அதோடு தலையைக் கொண்டு இடிக்கிறீர்கள் என்று றிங்குக்குள் நிற்கும் மத்தியஸ்தர் எச்சரிக்கலாம், எச்சரிக்கைக்குப் புள்ளியும் போகும். குட்டையானவர்கள் நல்ல சண்டையை இப்படித்தான் வீணாக்குகிறார்கள். கண் அவர் கழுத்தில் இருக்கட்டும், வலக்கை உங்கள் தாடையை விட்டு அசையாமல் இருக்கட்டும்.

இந்த ஜாப்பை நிறுத்தவும் கூடாது. 2007-இல் ஒஸ்கார் டி லா ஹோயா மேவெதரோடு ஆடியபோது முதற் பாதியில் அவர் ஜாப் நன்றாக வேலை செய்தது. பிற்பாதியில் அதை ஏறக்குறைய விட்டுவிட்டார், நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். வேலை செய்கிற ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறந்துபோவது பெரிய வீரர்களுக்கும் நடக்கிறது.

இப்போது விஷயத்தின் உள்ளே வருவோம். சாய்ந்து தப்புகிறவரிடம் ஒரு பலவீனம் எப்போதும் உண்டு: சாய்ந்தவர் அதே நிலையிலிருந்து மறுபடி சாய முடியாது. பாரமெல்லாம் பின்காலில் இறங்கிவிடும். முதலில் நிமிர வேண்டும், அல்லது கால் மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில்தான் உங்கள் குத்துப் படப்போகிறது. ஆகவே முதல் ஜாப் படுவதற்காக வீசப்படுவதல்ல, அவரைச் சாயவைக்க. பாதி நீளத்துக்குத்தான் போக வேண்டும். அது திரும்பும்போதே கால் உள்ளே வர வேண்டும். இரண்டாவது குத்து அந்தக் காலோடு சேர்ந்து வரட்டும். நம் பிள்ளைகள் செய்வது என்னவென்றால், கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பை மட்டும் முன்னே எறிந்து இரண்டாவதை வீசுவது. அது எட்டாது, எட்டாததோடு தலையையும் அவர் வலக்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். மேவெதர் இதே பாணியில் எத்தனையோ பேரைப் பிடித்தார்: ஜாப்புக்கு ஓரங்குலம் சாய்வார், அது கடந்ததும் வலக்கை நேரே வரும்.

அதை எப்படி உங்கள் எதிராளிக்கு எதிராகத் திருப்புவது? பொய் காட்டுங்கள். தோளை மட்டும் அசையுங்கள், முன்காலைத் தட்டுங்கள், கையை அரைவாசி நீட்டி இழுங்கள். முதல் ஒன்றரை நிமிடத்தில் இதை அடிக்கடி செய்து, அவர் என்ன பதில் தருகிறார் என்று மட்டும் பாருங்கள். தற்காப்புக்காரர் ஒவ்வொருவருக்கும் பிடித்த பதில் ஒன்று இருக்கும். பயிற்சியில் ஆயிரம் தடவை செய்து உடம்பில் ஊறிப்போனது. இவர் சாய்ந்து வலக்கை வீசுகிறவரென்றால், அரை ஜாப்பைக் காட்டி அந்த வலக்கையை நீங்களே வரவழையுங்கள். அது கிளம்பியதும் தலையை அதன் வெளிப்பக்கம் நகர்த்தி, திறந்து கிடக்கும் அவருடைய வலது விலாவின் கீழே இடக்கை ஹூக் வையுங்கள். ஈரல் இருக்கும் இடம் அது. அவர் விலகி ஓடுகிறவரென்றால் ஓடும் பக்கத்தை அடைத்துவிட்டுப் பிறகு வீசுங்கள். தோளை முன்னே தூக்கி வலக்கையை அதில் உருட்டிவிடுகிறவரென்றால் மைதானா காட்டிய வளைந்த வலக்கை அப்போது உதவும், பிடரியில் படாமல் பார்த்துக்கொண்டால்.

அவர் திருப்பி வைக்கும் குத்தோடு மோதல் முடிந்துவிடக் கூடாது. நீங்கள் இரண்டு, அவர் ஒன்று என்று போனமுறை முடிந்திருக்கிறது. இந்தமுறை நீங்கள் இரண்டு, அவர் ஒன்று, அதைக் கையுறையில் வாங்கிக்கொண்டு நீங்கள் மறுபடி ஒன்று. அந்த மூன்றாவது குத்துக்கு அவர் தயாராக இருக்கமாட்டார். தன் வேலை முடிந்ததென்று அவருடைய கால் வெளியே போகத் தொடங்கியிருக்கும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். கடற்கரை மணலில் ஓடுங்கள், மூச்சுக்கும் காலுக்கும் நல்லது. ஆனால் கால்வேலையை மணலில் பழகாதீர்கள். மணலில் குதிகால் புதையும், பாதம் திரும்பாது. பாடசாலை மண்டபமோ வாசிகசாலையோ, சீமெந்துத் தரை கிடைத்தால் சோக்கட்டியால் 6.10 மீற்றர்ச் சதுரம் கீறுங்கள். உங்களைவிட உயரமான ஒருவரை உள்ளே விடுங்கள். குத்துச்சண்டை தெரிந்தவராக இருக்கவும் தேவையில்லை, ஊர்க் கரப்பந்தாட்டக் குழுவில் ஒருவர் போதும். அவர் தப்ப வேண்டும், நீங்கள் கையைக் கீழே விட்டபடி காலால் மட்டும் அவரை மூலைக்குள் அடைக்க வேண்டும். அது கைவந்த பிறகு உங்கள் கோச்சின் மேற்பார்வையில் கழுத்துக்குக் கீழே மட்டும் குத்தும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யுங்கள். போட்டிக்கு முந்தைய வாரத்தில் தலைக்குக் கடும் ஸ்பாரிங் வேண்டவே வேண்டாம்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். தவறிய குத்து பட்ட குத்தைவிட அதிகம் களைக்க வைக்கும். பட்டால் எதிராளியின் உடம்பு உங்கள் கையை நிறுத்துகிறது. தவறினால் உங்கள் தோளும் முதுகுமே அதை நிறுத்தி இழுத்துவர வேண்டும். மூன்றாம் சுற்றில் கை பாரமாகிப் போனதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும். எங்கள் வெயிலில் ஜாக்கெட் போட்டு வியர்த்து எடை குறைக்கிற வழக்கம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். போட்டியன்று காலையில்தான் எடை பார்க்கிறார்கள். வற்றிய உடம்பு அன்றைக்குள் தேறாது. 60-க்கு இறங்கக் கஷ்டமென்றால் இப்போதிருந்தே சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

சுற்றுகளுக்கு இடையே ஒரு நிமிடம் இருக்கிறது. கோர்னரில், அதாவது உங்கள் மூலையில், உதவிக்கு நிற்பவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: எதிராளி எந்தப் பக்கம் நழுவுகிறார், பொய்க் குத்துக்கு என்ன பதில் தருகிறார். முதல் சுற்றில் சாய்ந்தவர் இரண்டாவதில் கட்டிப்பிடிக்கத் தொடங்கினால் கைகளை உள்பக்கமாக வைத்து, விடுபட்ட கையால் விலாவில் வேலை செய்யுங்கள். பிடிப்பது அவர், எச்சரிக்கை வந்தாலும் அவருக்குத்தான். கட்டிப்பிடிக்காமல் நின்று அடிக்கத் தொடங்கினால் சந்தோஷப்படுங்கள் தம்பி. அவர் தன் விளையாட்டை விட்டு உங்கள் விளையாட்டுக்கு வந்துவிட்டார்.