500 கேப் வந்து இறங்குது, நாலு எடுத்துப் பாத்தா போதுமா?

வாசகர் கேள்வி: விழாவுக்கு எங்க லோகோவை எம்பிராய்டரி போட்டு 500 கேப் ஆர்டர் குடுத்திருக்கோம். ஒவ்வொண்ணா பாக்க ஆள் இல்ல, மேலாக்க நாலு எடுத்துப் பாத்தா போதுமா?

போதாதுங்க. மேல்வரிசைய வச்சு அடியில நசுங்கிக் கிடக்கறதைக் கண்டுபிடிக்க முடியாது.

டெலிவரி ஆள் நிக்கும்போதே பெட்டிய எண்ணுங்க, நனைஞ்சதோ நசுங்கினதோ இருந்தா போட்டோ எடுத்துட்டு ரசீதுலயே எழுதி அப்புறமா கையெழுத்து போடுங்க, எதுவும் எழுதாம வாங்கிட்டா பின்னாடி கேக்கறது ரொம்ப கஷ்டம்.

500 பீஸுக்கு எத்தனை பாக்கணும்னா, கொஞ்சம் எடுத்துப் பாத்து மொத்தத்தையும் முடிவு பண்றதுக்கான சர்வதேச விதி ஐஎஸ்ஓ 2859-1, அதோட அட்டவணைப்படி சாதாரண லெவல்ல 50. ஏக்யூஎல், அதாவது எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு, 2.5ன்னு வச்சா அந்த 50ல பெரிய குறை 3 வரைக்கும் பாஸ், 4 வந்தா மொத்த லாட்டும் பெயில். அந்த 50ஐ எல்லா பெட்டிலேருந்தும், மேல நடுவுல அடிலன்னு கலந்து எடுக்கணும். ஆனா ஒரு கேப்ல உடைஞ்ச ஊசி முனை கிடைச்சாக்கூட இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, 500ஐயும் பாத்துத்தான் ஆகணும், தலையில குத்தற விஷயம்.

நீங்க ஓகே சொன்ன சாம்பிளை பக்கத்துலயே வச்சுக்கங்க, ஞாபகத்தை நம்பாதீங்க.

அதிகமா தப்பு வர்ற இடம் எம்பிராய்டரிதான், நேரத்தை அங்க செலவு பண்ணுங்க. ஆறு துண்டுத் துணி சேத்து தைச்ச கேப்ல முன்னாடி நடுவுல ஒரு தையல் ஓடும், அந்த மேட்டுல ஊசி சறுக்கி சரியா அங்க வர்ற எழுத்து மட்டும் கோணலாவோ விட்டுவிட்டோ இருக்கும். லோகோவோட இடது ஓரத்துலேருந்து பிரிம் (முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற விளிம்பு) வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க, வலது ஓரத்துலயும் அளங்க, ரெண்டும் ஒத்துப்போகலன்னா சாய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். சின்ன எழுத்துல ஓட்டை அடைஞ்சிருக்கா, சுத்தி துணி சுருங்கியிருக்கா, உப்பலா போட்ட எழுத்துன்னா உள்ள வச்ச ஃபோம் எட்டிப் பாக்குதான்னு பாருங்க. அப்படியே உள்பக்கம் திருப்பி நூல் முடிச்சையும் எம்பிராய்டரிக்கு அடியில வச்சு வெட்டாம விட்ட பேக்கிங் துணியையும் விரலால தடவிப் பாருங்க. நூல் கலரை ஜன்னல் வெளிச்சத்துலயே ஒப்பிடுங்க, டியூப்லைட்டுல ஒண்ணா தெரியற ரெண்டு நீலம் வெயில்ல வேற வேறயா நிக்கும், அதுவும் எம்பிராய்டரி நூல் பளபளப்புங்கறதால சாம்பிளையும் அதே கோணத்துல பிடிங்க.

டார்க் கலர் கேப்னா வெள்ளைக் காட்டன் துணிய நனைச்சு நெத்தி படற பட்டில நல்லா தேய்ங்க, சாயம் ஒட்டினா வேர்வைலயும் ஒட்டும். பின்னாடி ஸ்னாப்பை எல்லா ஓட்டைலயும் மாட்டிக் கழட்டுங்க. முன்பக்கம் குழி விழுந்திருக்கறதை மட்டும் உடனே குறையா எண்ணாதீங்க, லேசா ஆவி காட்டி கையால நிமிர்த்தினா பெரும்பாலும் சரியாயிடும், மடிப்பு கோடு அப்படியே நின்னாத்தான் கழிச்சது.

கலர், சைஸ் வாரியா எண்ணி முடிக்கற வரைக்கும் யாருக்கும் ஒண்ணுகூட குடுக்காதீங்க. குறை உள்ளதை தனியா வச்சு என்ன குறைன்னு துண்டுச்சீட்டு ஒட்டி, ஸ்கேலோட சேத்து போட்டோ எடுத்து சப்ளையருக்கு அன்னைக்கே அனுப்புங்க, புகார் சொல்ல எத்தனை நாள் டைம்னு பில்லுல இருக்கும், அதைத் தாண்ட விட்றாதீங்க. விழா நெருங்கிடுச்சுன்னா மறுபடி தைச்சு அனுப்ப நேரம் பத்தாது, நல்லதை மட்டும் வச்சுக்கிட்டு மீதிக்கு பில்லுல கழிக்கச் சொல்லுங்க, போன்ல சரின்னாலும் எழுத்துல வாங்கிக்கங்க.