காது மெஷின் வாங்கியாச்சு, அப்புறம்? ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறன் நிபுணர்) கேள்வி பதில்

அப்பாவுக்கு 74 வயது. மெஷின் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. "தகர டப்பாவைத் தட்டுற மாதிரி கேக்குது" என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டார்.

முதல் மாதத்தில் பெரும்பாலானவர்கள் சொல்வதுதான். வயதாகும்போது முதலில் குறைவது உச்ச ஸ்தாயி ஒலிகள். ச, ஸ, த போன்றவை மங்கிவிடும். அதனால்தான் "பேசுறது கேக்குது, என்னன்னு புரியல" என்கிறார்கள். மெஷின் அந்த ஒலிகளைத் திருப்பித் தரும்போது ஃபேன் சத்தம், பேப்பர் சரசரப்பு, பாத்திரம் விழுவது எல்லாம் கூடவே வரும். வேண்டாததை ஒதுக்கும் பழக்கம் மூளைக்கு விட்டுப்போயிருக்கும். அது திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

முதலில் வீட்டில், அமைதியான நேரத்தில், எதிரே ஒருவர் மட்டும் பேசட்டும். தினம் சில மணி நேரம் போட்டு, பிறகு கூட்டிக்கொண்டே போங்கள். டிவி செய்தி அடுத்தது. கல்யாண மண்டபம் கடைசி. முதல் நாளே அங்கே கூட்டிப்போனால் மெஷின் மறுபடி டிராயருக்குத்தான் போகும்.

இதற்கிடையே ஒரு தாளில் குறித்துவையுங்கள்: குக்கர் விசில் காதைக் குத்துகிறது, பேரன் பேசுவது புரியவில்லை. "சரியில்ல" என்று மட்டும் சொன்னால் எங்களால் எதைத் திருத்த முடியும்? ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது 'ரியல் இயர்' அளவீடு செய்யச் சொல்லுங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே எவ்வளவு ஒலி போகிறது என்று அளப்பது அது. பல இடங்களில் இதைச் செய்வதில்லை. வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டு காதிலும் குறைவு. பணத்துக்காக ஒன்று மட்டும் வாங்கலாமா?

சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவும், கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்கவும் இரண்டு காதும் வேண்டும். புளூடூத் உள்ள விலையுயர்ந்த ஒன்றைவிடச் சாதாரண மாடலில் இரண்டு மேல் என்பது என் கருத்து.

ஓயாமல் விசில் அடிக்கிறது.

காதுக்குள் போக வேண்டிய ஒலி வெளியே கசிந்து மைக்குக்கே திரும்புகிறது. மோல்டு (மெஷினில் காதுக்குள் பொருந்தும் பகுதி) முழுசாக உட்காரவில்லை, அல்லது காதில் குரும்பி அடைத்திருக்கிறது, அல்லது பழைய மோல்டு தளர்ந்துவிட்டது. வால்யூமைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். காதைக் கையால் பொத்தும்போது மட்டும் கத்தினால் கவலை வேண்டாம்.

சென்னையில் இருக்கிறேன். பேட்டரி நாலு நாள்கூட வருவதில்லை.

மஞ்சள் ஸ்டிக்கர் என்றால் 10-ஆம் எண். சின்ன செல், ஒரு வாரம் வந்தாலே அதிகம். 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். இதே வரிசையில் செல்லின் அளவும் பெரிசாகும், ஆயுளும் கூடும். இவை காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து வேலை செய்பவை. ஸ்டிக்கரைப் பிரித்து ஓரிரு நிமிடம் வெளியே வைத்த பிறகு போடுங்கள். திரும்ப ஒட்டினால் மிச்சமாகாது. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வியர்வைக்கு அது அவசியம். பழைய செல் குழந்தை கையில் சிக்கவே கூடாது. விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

மெஷின் போட்டும் பாட்டியிடம் கத்த வேண்டியிருக்கிறது.

கத்தினால் சொல் சிதையும். டிவியை அணைத்துவிட்டு, வெளிச்சத்தில் முகம் தெரிய நின்று, "பாட்டி" என்று கூப்பிட்டுத் திரும்பிய பிறகு பேசுங்கள். புரியவில்லையென்றால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் வேறு மாதிரி சொல்லிப்பாருங்கள்.

ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

அவற்றில் பெரும்பாலானவை எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோல் உயர்த்துபவை. உங்கள் ஆடியோகிராமுக்கு (கேட்கும் திறன் சோதனையின் வரைபடம்) ஏற்ப அமைக்க முடியாது. பணம்தான் தடை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் மெஷின் தருகிறார்கள். வருமான வரம்பு உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இரண்டு காதிலும் கேட்கும் திறன் 60 டெசிபலோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் கேள்விக் குறைபாடு என்று கணக்கு.

நேற்று காலையிலிருந்து திடீரென ஒரு காது கேட்கவில்லை. எந்த மெஷின் வாங்கலாம்?

எதுவும் வாங்காதீர்கள். இன்றே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். குரும்பி அடைப்பாகவும் இருக்கலாம். நரம்புப் பாதிப்பாக இருந்தால், மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் திரும்பக் கேட்க வாய்ப்பு அதிகம். நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.