பச்சைத் தொப்பியும் காகிதப் பெயரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நகரங்களின் சீனர் குடியிருப்புகளான சைனாடவுன்களில் துணி வெளுத்துப் பிழைத்த சீன ஆண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இருபது வருடம் பெண்டாட்டி முகம் பார்க்காதவன் வேறொரு பெண்ணிடம் போனால் ‘தனிமை’ என்று எழுதுகிறீர்கள். அதே இருபது வருடம் ஊரில் காத்திருந்தவள் இன்னொருவனை நினைத்தால் ‘தவறிவிட்டாள்’. இது உங்கள் கை வழுக்கலா, அந்த ஊர் வழக்கமா? குடும்ப மானத்தையும் அவர்கள் சீனாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனார்களா?

கோவையிலிருந்து ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

கை வழுக்கல்தான். அந்த வரியைத் திருத்திவிட்டேன். ஆனால் வழக்கமும் அப்படித்தான் இருந்தது. 1912 வரை சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் சட்டத்தில், மனைவியையும் அவள் கள்ளக் காதலனையும் கையும் களவுமாகப் பிடித்து அங்கேயே கொன்ற கணவனுக்குத் தண்டனை கிடையாது. அவனோ வசதி இருந்தால் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டிவரலாம். 1934ல் புதிய தண்டனைச் சட்டத்தை எழுதியபோதுகூட மனைவி செய்தால் மட்டுமே குற்றம் என்று வைத்தார்கள். பெண்கள் அமைப்புகள் போராடிய பிறகுதான் அது இருவருக்கும் பொதுவாயிற்று. மனைவி ஏமாற்றினால் கணவன் ‘பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டான்’ என்பார்கள். மனைவிக்கு அப்படி ஒரு தொப்பியே கிடையாது. (இன்றைக்கும் சீன நண்பர் யாருக்காவது பச்சைத் தொப்பி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.)

மூட்டை விஷயத்தில் மட்டும் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

அமெரிக்கா போனவர்களில் மிகப் பலர் தெற்குச் சீனாவின் தைஷான் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். ஊரில் அவர்களுக்குப் ‘பொன்மலை விருந்தாளி’ என்று பெயர் (பொன்மலை என்றால் அமெரிக்கா). மாப்பிள்ளை கடலுக்கு அப்பால் இருக்கும்போதே கல்யாணம் நடப்பதும் உண்டு. அப்போது மணமகன் இடத்தில் ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெண் அதோடு சேர்ந்து மூதாதையரை வணங்கி, மாமியார் வீட்டுக்குள் போவாள். அப்புறம் வருவது பணமும் கடிதமும்தான். அந்தப் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் மேல் ஒரு பேச்சு கிளம்பிக் கடல் தாண்டிப் போனால் வீடு முழுக்கப் பட்டினி. மாமியாரின் கண்காணிப்புக்குப் பின்னால் ‘மானம்’ எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று நான் யோசிப்பதுண்டு.

அவன் ஏன் அவளைக் கூட்டிப்போகவில்லை? அமெரிக்காவில் 1875லேயே பேஜ் சட்டம் வந்துவிட்டது. விபச்சாரத்துக்கு வரும் பெண்களைத் தடுப்பதாகப் பெயர். நடைமுறையில் சீனப் பெண் என்றாலே சந்தேகம்தான். 1882ல் தடைச் சட்டம் போட்டுச் சீனத் தொழிலாளர்களுக்கே கதவைச் சாத்தினார்கள். இரண்டு வருடம் கழித்து, தொழிலாளியின் மனைவியும் தொழிலாளிதான், அவளுக்கும் அனுமதி இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1890 கணக்கெடுப்பில் ஒரு சீனப் பெண்ணுக்குச் சுமார் 27 சீன ஆண்கள். சரி, அங்கேயே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொள்ளலாமே என்றால், கலிஃபோர்னியாவில் 1948 வரை அது செல்லாத கல்யாணம். ஆக, இருபது வருடப் பிரிவை உண்டாக்கியது வாஷிங்டன். அந்தப் பிரிவில் தவறாமல் இருந்தாளா என்பதற்கு மட்டும் தைஷான் பெண் கணக்குச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இதில் உண்டு. சைனாடவுன் மானத்துக்கு ஊரில் இல்லாத புது வேர் ஒன்று இருந்தது. 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சான்பிரான்சிஸ்கோவின் பதிவேடுகள் எரிந்துபோயின. ‘நான் இங்கேயே பிறந்தவன்’ என்று பலர் பதிந்துகொண்டார்கள். அங்கே பிறந்தவன் குடிமகன், அவன் மகனும் உள்ளே வரலாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ‘ஒரு மகன் பிறந்திருக்கிறான்’ என்று எழுதிவைத்தார்கள். பிறக்காத அந்த மகனின் இடம் விலைக்குப் போனது. வாங்கி வந்தவனுக்குக் ‘காகித மகன்’ என்று பெயர். சான்பிரான்சிஸ்கோ அருகே, வந்து இறங்குகிறவர்களை விசாரித்த ஏஞ்சல் தீவில் அதிகாரிகள் குடைவார்கள்: ஊரில் உங்கள் வரிசையில் எத்தனை வீடு, அரிசிப் பானை எந்த மூலையில்? அப்பன் சொல்வதும் மகன் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். கப்பலில் மனப்பாடம் செய்துவிட்டு அந்தத் தாள்களைக் கடலில் வீசிவிடுவார்கள்.

இப்போது அப்படி ஒரு வீட்டில் கள்ள உறவு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீசுக்குப் போக முடியுமா? விவாகரத்து கேட்டுக் கோர்ட் படி ஏறினால் முதல் கேள்வியே பெயர்தான். ஒரு பெயரை இழுத்தால் அண்ணன், சித்தப்பா, பக்கத்துக் கடைக்காரன் என்று வரிசையாக அவிழும். கடைசியில் நாடு கடத்தல். அதனால் ஒரே குடும்பப்பெயர்க்காரர்கள் சேர்ந்து வைத்த குடும்பப்பெயர்ச் சங்கத்துப் பெரியவர்கள் மூடிய அறையில் தேநீர் குடித்துத் தீர்த்துவைத்தார்கள். ‘குடும்பத்துக்குத் தலைகுனிவு’ என்று அவர்கள் சொன்னதில் பாதி பயம் என்றே நினைக்கிறேன். அந்த அறையில் பெண்ணுக்கு நாற்காலி இருந்திருக்காது.

1943ல் தடைச் சட்டம் போனது. கிடைத்த ஒதுக்கீடு வருடத்துக்கு 105 பேர். பெண்கள் கணிசமாக வந்தது போர்முனைக்குப் போன சிப்பாய்கள் மணப்பெண்களை அழைத்துவரலாம் என்று ஆன பிறகு. 1946ல் குடியுரிமை பெற்றவர்களின் சீன மனைவிகளும் ஒதுக்கீட்டுக்கு வெளியே வரலாம் என்றார்கள். இருபது வயதுப் பெண் வந்து இறங்குகிறாள். தெரு முழுக்கப் பெண்டாட்டியை ஊரில் விட்டுவந்த கிழவர்கள். அவள் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள், ஏன் இன்னும் பிள்ளை இல்லை, எல்லாம் முடிதிருத்தும் கடையில் பேசப்படும். பேசுகிறவனின் கதை என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

‘தனிமை’ என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இப்போது அது இருவருக்கும் சேர்த்துத்தான் நிற்கிறது. அமெரிக்கச் சீனர் கல்லறைகளில் சில கற்களில் ஆங்கிலத்தில் ஒரு குடும்பப்பெயரும் சீனத்தில் வேறொரு குடும்பப்பெயரும் இருக்கும். ஆங்கிலத்தில் இருப்பது விலைக்கு வாங்கியது. பக்கத்தில் மனைவியையும் புதைத்திருந்தால் அவளுக்கும் அதே வாங்கிய பெயர்தான்.

அன்புடன்.