பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள்: சிறப்பாசிரியரிடம் கேளுங்கள்

பெருமூளை வாதத்தோடு (செரிபிரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) வலிப்பு, பார்வைக் குறை, விழுங்குவதில் சிரமம் என்று இரண்டு மூன்று சேர்ந்து இருக்கும் பிள்ளைகளோடுதான் என் வேலை. மருந்து பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். வீடு, பள்ளி, தெரபி மூன்றையும் எப்படி ஒன்றாக ஓட்டுவது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்வி_தென்காசி: அக்கா, என் மகனுக்கு நாலு வயசு. பிசியோ ஒன்று சொல்கிறார், ஓ.டி. (அன்றாட வேலைகளைப் பழக்கும் தெரபிஸ்ட்) வேறு சொல்கிறார், ஸ்பீச் தெரபிஸ்ட் இன்னொன்று. எல்லாப் பயிற்சியும் செய்தால் சமைக்கக்கூட நேரமில்லை. யார் பேச்சைக் கேட்பது?

செல்வி, மூன்று பேரையும் முதலில் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க வையுங்கள். ஒரே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் நீங்கள் எழுதுங்கள்: பிள்ளை எப்போது விழிக்கிறான், எதைப் பார்த்தால் சிரிக்கிறான், எப்போது உடம்பு விறைக்கிறது, என்ன மருந்து எந்த வேளை. அடுத்த பக்கத்தில், மூன்று மாதத்தில் அவன் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது, இரண்டே இரண்டு. டாக்டர் முதல் அங்கன்வாடி டீச்சர் வரை எல்லாரும் அதே நோட்டில்தான் எழுத வேண்டும், தனித்தனிச் சீட்டு வாங்காதீர்கள்.

"தானே டம்ளர் பிடித்துப் பால் குடிக்கணும்" என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். உடம்பு ஆடாமல் எப்படி உட்கார வைப்பது என்பதை பிசியோ சொல்வார். இரண்டு பக்கமும் பிடி உள்ள கோப்பை, அதில் பாதி அளவு பால், இது ஓ.டி. வேலை. உதடு மூடுவதையும், "பாலா தண்ணியா" என்று கேட்டுக் கண்ணாலே காட்ட வைப்பதையும் ஸ்பீச் தெரபிஸ்ட் பார்ப்பார். மூன்றும் காலையில் பால் குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்திலேயே முடிந்துவிடும். கனடாவின் கேன்சைல்ட் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரோசன்பாம், கோர்ட்டர் இருவரும் 2012-இல் இதே திசையில்தான் எழுதினார்கள்: அன்றாடச் செயல், குடும்பம், உடற்திறன், மகிழ்ச்சி, நண்பர்கள், எதிர்காலம் ஆறையும் சேர்த்துப் பாருங்கள் என்று. தசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையின் குழந்தைப் பருவம் போய்விடும்.

ராகிக்கூழ்: மகளுக்கு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது, இருமுகிறாள். மடியில் படுக்க வைத்து, தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் சீக்கிரம் இறங்குகிறது. சரியா?

இன்றோடு நிறுத்துங்கள். தலை பின்னால் சாய்ந்தால் கூழ் மூச்சுக்குழாய்க்குள் போக வழி திறந்துவிடும். அடிக்கடி வரும் சளிக்காய்ச்சலுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். உட்கார வையுங்கள், இடுப்பு மடங்கி, பாதம் எதிலாவது ஊன்றி, தாடை லேசாகக் கீழே பார்த்தபடி. நீங்கள் எதிரில், அவள் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவள் தானாகவே அண்ணாந்து பார்ப்பாள். தட்டையான சின்ன ஸ்பூன் நேராக முன்னாலிருந்து வரட்டும். முந்தின வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். அப்படியும் இருமினாலோ, சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலோ, விழுங்குவதைப் பரிசோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் தள்ளிப்போடாமல் போங்கள்.

அப்பா_ஓசூர்: யு.டி.ஐ.டி. அட்டைக்கு எங்கே போவது?

அந்த மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், மருத்துவப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்வார்கள்.

நிலா87: வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து தரலாமா?

இது நரம்பியல் டாக்டரிடம் கேட்க வேண்டியது. அதுவரை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாக வரும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கார்த்தி_அம்மா: "உங்கள் பையனுக்கு வீட்டுவழிக் கல்விதான் நல்லது, வாரம் ஒருநாள் டீச்சர் வருவார்" என்று பள்ளியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், கடுமையான ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள பிள்ளைக்கு வீட்டில் படிப்பதைத் *தேர்ந்தெடுக்கும்* உரிமையைத் தந்தது. அந்தத் தேர்வு உங்களுடையது, பள்ளி உங்கள் மேல் திணிக்க முடியாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள பிள்ளை 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைக் கையோடு கூட்டிப் போங்கள்.

பிசியோ_மதுரை: எல்லாம் சரி மேடம், பெற்றோர் பக்கமும் பேசுங்கள். வீட்டில் செய்யச் சொன்னதில் கால்வாசிகூட நடப்பதில்லை. வாராவாரம் இறுகிய தசையோடு வருகிறார்கள், நான் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

செல்வி_தென்காசி: சார், தண்ணி வரும் நாளில் நான் குடம் தூக்குவேனா, காலை நீட்டி நீட்டி மடக்குவேனா? ஒருநாள் எங்கள் வீட்டில் இருந்து பாருங்கள்.

பிசியோ_மதுரை: உங்கள் கஷ்டம் புரிகிறதும்மா. ஆனால் இடுப்பு மூட்டு நழுவினால் அந்த வலி பிள்ளைக்குத்தானே?

கார்த்தி_அம்மா: என் பையன் காலைப் பிடித்தாலே அழுகிறான். அவனை அழ வைக்க எனக்கு மனசு வரவில்லை, அதைச் சோம்பல் என்கிறீர்களா?

இரண்டு பேருக்கும் நடுவில் நான் வருகிறேன். சார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும், வெளியே தெரியாது, அதனால் எலும்பு டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஆனால் சார், "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அடுத்த வாரம் அந்த அம்மா "செய்தேன்" என்று பொய் சொல்வார், இல்லாவிட்டால் வருவதையே நிறுத்திவிடுவார். "எந்த நேரத்தில் பிள்ளை உங்கள் கையில் இருக்கிறான்" என்று கேட்டுப் பாருங்கள். உடை மாற்றும்போது தொடைகளை மெதுவாக அகட்டலாம், டி.வி. பார்க்கும் நேரம் ஸ்டாண்டிங் ஃபிரேமில் (உடம்பைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டம்) நிற்கலாம். ஐந்து பயிற்சி எழுதிக் கொடுக்கும் இடத்தில் ஒன்று கொடுங்கள், அதை அப்பாவுக்கும் பாட்டிக்கும் காட்டுங்கள். கார்த்தி அம்மா, அழுகை வலியாகவும் இருக்கலாம், அதை நோட்டில் எழுதி சாரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

பிசியோ_மதுரை: ஒன்று மட்டும் என்பது கஷ்டம். முயன்று பார்க்கிறேன்.

செல்வி_தென்காசி: ஒன்று என்றால் நான் செய்வேன் சார்.

மலர்: ஏழு வயசு, தலையே நிற்கவில்லை. நடப்பாளா?

நடப்பது கடினம் மலர். பெரிய தசைகளின் வளர்ச்சியில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள் வந்துவிடும். நல்ல சக்கர நாற்காலியும், படத்தைக் காட்டிப் பேச ஒரு பலகையும் இப்போதே தொடங்குங்கள். அவள் தன் மனசில் உள்ளதைச் சொல்ல அதுதான் வழி.

குமார்_டி: ஸ்டெம் செல் போட்டால் நடப்பான் என்று ஒரு மையத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்.

பணத்தைக் கட்டாதீர்கள். பெருமூளை வாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறை அதை ஆய்வுக்கு வெளியே தர அனுமதிப்பதில்லை. ஆய்வு என்றால் உங்களிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

புதுவைத்தாய்: கழுத்து நிற்காத பிள்ளையைப் படுக்க வைத்துத்தானே ஊட்ட முடியும்?

முடியாது! மேலே ராகிக்கூழுக்கு எழுதியதைப் படியுங்கள் அம்மா. இதே கேள்வி தனிச் செய்தியிலும் வந்துகொண்டே இருக்கிறது. கழுத்து நிற்காவிட்டால் தலைக்கு முட்டு உள்ள நாற்காலி வேண்டும், நாற்காலி மொத்தமாகக் கொஞ்சம் சாயலாம், கழுத்து மட்டும் பின்னால் போகக்கூடாது.

ஜோ_நெல்லை: மகனுக்கு 17. அடுத்த வருஷம் வங்கியில் யார் கையெழுத்துப் போடுவது?

18 ஆனதும் பெற்றோர் என்பதாலேயே சட்டப்படி பாதுகாவலராக இருக்க முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி மாவட்ட உள்ளூர் மட்டக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும், அதில் கலெக்டரும் இருப்பார். பெருமூளை வாதம் அந்தச் சட்டத்தில் வருகிறது. பிறந்தநாள் வரை காத்திருக்காமல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் என்னென்ன தாள் வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். நிராமயா மருத்துவக் காப்பீடு பற்றியும் அங்கேயே கேளுங்கள், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் சேரும்.