புது ஸ்பீக்கர் ‘ஃப்ரீ’ ஆக எத்தனை நாள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தீபாவளிக்கு வாங்கிய பெட்டிகளெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பர்ன்-இன் பற்றித்தான், அதாவது புதுக் கருவியைப் பல மணி நேரம் ஓட விட்டால்தான் ‘ஃப்ரீ’ ஆகி நன்றாக ஒலிக்கும் என்ற பேச்சு.

புதிய ஸ்பீக்கர் கேபிளை எத்தனை மணி நேரம் ஓட விட வேண்டும்? (சேலம்)

ஒரு நிமிடம்கூட வேண்டாம். செம்புக் கம்பியில் தளர்வதற்கு ஒன்றுமில்லை. முனையில் பிரிந்த இழை ஏதாவது பக்கத்து டெர்மினலைத் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள். தொட்டால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போய்விடும்.

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கி ஐந்து நாள் ஆகிறது. பேஸ் சுத்தமாக இல்லை. 200 மணி நேரம் ஓடினால்தான் ஃப்ரீ ஆகும், பொறுங்கள் என்கிறார் கடைக்காரர். பொறுக்கலாமா? (திருநெல்வேலி)

பொறுக்காதீர்கள். இன்று மாலையே பாருங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு 200 மணி நேரம் என்பது 100 நாள். திருப்பிக் கொடுக்க உங்களுக்கு இருக்கும் கெடு ஏழு நாளோ பத்து நாளோதான். பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பொறுங்கள் என்ற பேச்சால் யாருக்கு லாபம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பல வருடங்களாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

ஸ்பீக்கர் ஃப்ரீ ஆவது பொய்யில்லை. பேஸ் தரும் ஊஃபரின் கோனைப் பின்னாலிருந்து தாங்கும் ஸ்பைடர், பிசின் ஏற்றி அலை அலையாக அழுத்திய துணி. புதிதில் விறைப்பாக இருக்கும், அசைய ஆரம்பித்ததும் தளரும். அதில் பெரும்பங்கு முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். தனியாக வெளியே வைத்து அளந்தால், 50 ஹெர்ட்ஸில் இருந்த ரெசனன்ஸ் (கோன் தன்போக்கில் அதிரும் அதிர்வெண்) 45 பக்கம் இறங்கியிருக்கலாம். அதே ஊஃபரைச் சின்ன மூடிய பெட்டிக்குள் மாட்டினால், உள்ளே அடைபட்ட காற்றுதான் பெரிய ஸ்பிரிங். ஸ்பைடர் தளர்ந்தது அங்கே எடுபடாது. பெட்டியோடு அளந்தால் 100 ஹெர்ட்ஸ் 98 ஆகும், அவ்வளவுதான். இல்லாத பேஸ் இதனால் வந்துவிடாது.

எனக்கே இது நடந்திருக்கிறது. கடைக்காரர் பேச்சை நம்பி இரண்டு மாதம் காத்திருந்தேன். மிருதங்கம் போட்டால் வலந்தலை கணீரென்று விழும், பேஸ் தரும் இடப்பக்கத் தொப்பி இருக்கும் இடமே தெரியாது. கடைசியில் ஒருநாள் இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்து, ஆம்ப் ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். இடது பெட்டியின் கோன் ‘டப்’ என்று வெளியே வந்தது. வலது பெட்டியில் உள்ளே போனது. நான்கு திருகைக் கழற்றினால், ஊஃபருக்குப் போகும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஒரு கோன் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் பேஸ் எங்கிருந்து வரும்? கடைக்குப் போனேன், கெடு முடிந்துவிட்டது என்றார்கள். பற்றவைப்பை மாற்றப் பத்து நிமிடம்தான் ஆனது. இரண்டாயிரம் மணி நேரம் ஓட்டியிருந்தாலும் அந்தத் தொப்பி கேட்டிருக்காது.

ஆகவே முதலில் ஆம்பிலும் பெட்டியிலும் பிளஸ்-மைனஸ் பாருங்கள். அப்புறம் பேட்டரிச் சோதனை. இரண்டும் சரியென்றால் பெட்டிகளைச் சுவர்ப்பக்கம் அரையடிக்கு நகர்த்துங்கள், பேஸ் கூடும். நாற்காலி அறையின் நட்டநடுவில் இருந்தால் பின்னால் தள்ளிப்போடுங்கள், நடுவில்தான் பேஸ் செத்துப்போகும். இவ்வளவுக்கும் மசியவில்லையா, கெடுவுக்குள் திருப்பிக் கொடுங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

புது ஹோம் தியேட்டரில் சவுண்டு சரியில்லை. பர்ன்-இன் ஆகாததுதான் காரணமா? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? மாடல் இல்லை, அறையின் அளவு இல்லை, வாங்கிய தேதி இல்லை. ‘சரியில்லை’ என்றால் வசனம் புரியவில்லையா, இரைகிறதா, ஒரு பக்கம் பேசவே இல்லையா? வைத்தியரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா? விவரமாக மறுபடி எழுதுங்கள். அதற்குள் பிளஸ்-மைனஸ் பார்த்துவிடுங்கள். கெடு எப்போது முடிகிறது என்பதையும் பாருங்கள்.

டிஜிட்டல் பாட்டை ஒலிச் சிக்னலாக மாற்றும் டிஏசி, நெட்டிலிருந்து பாட்டு எடுக்கும் ஸ்ட்ரீமர், இவற்றுக்கும் பர்ன்-இன் வேண்டுமா? (ஈரோடு)

தேவையில்லை. ஆன் செய்து கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து என் ஸ்பீக்கர் நிஜமாகவே மாறிவிட்டது. முதலில் காதைக் குத்தியது, இப்போது இதமாக இருக்கிறது. நீங்கள் இல்லை என்கிறீர்களே? (கோயம்புத்தூர்)

உங்களுக்கு மாற்றம் கேட்டதை நான் மறுக்கவில்லை. மாறியதில் பெரும்பகுதி ஸ்பீக்கர் இல்லை என்கிறேன். பழைய பெட்டியில் வருடக்கணக்கில் கேட்ட காதுக்குப் புதுக் குரல் முதலில் உறுத்தும், போகப் போகப் பழகும். இந்த ஒரு மாதத்தில் திரைச்சீலை போட்டீர்களா, விரிப்பு வாங்கினீர்களா? டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் ஒரு ஜமுக்காளம் விரித்தாலே கீச்சொலி தரும் சின்ன ட்வீட்டரின் குத்தல் பாதி அடங்கும்.

சோதித்துப் பார்க்க ஆசையிருந்தால், அதே மாடலைச் சில வருடங்களாக வைத்திருப்பவரின் பெட்டி ஒன்றையும் புதுப் பெட்டி ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். வேறு ஒருவர் மாற்றி மாற்றிப் போடட்டும், எது ஓடுகிறதென்று உங்களுக்குத் தெரியக் கூடாது. இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும்.

பர்ன்-இன்னுக்காக ராத்திரி முழுக்கப் பிங்க் நாய்ஸை (இடைவிடாத ‘உஸ்ஸ்’ இரைச்சல்) முழு வால்யூமில் வைக்கலாமா? (மதுரை)

வைக்கவே வைக்காதீர்கள். ட்வீட்டரின் வாய்ஸ் காயில் என்பது தலைமுடி போன்ற கம்பிச் சுருள். பாட்டில் உச்சம் வரும், அடங்கும், அந்த இடைவெளியில் காயில் ஆறும். நாய்ஸில் இடைவெளியே கிடையாது, சூடு ஏறிக்கொண்டே போகும். காயில் கருகினால் வாரண்டியிலும் ஏற்க மாட்டார்கள். சாதாரணமாகப் பாட்டுக் கேளுங்கள், தளர வேண்டியது தானாகத் தளரும்.

வால்வு ஆம்ப், ரெக்கார்டு பிளேயர் கார்ட்ரிட்ஜ் இரண்டும் புதிது. இவற்றுக்காவது உண்டா? (புதுச்சேரி)

கொஞ்சம் உண்டு. வால்வு ஆம்ப் ஒவ்வொரு முறையும் சூடாகி நிலைக்க இருபது, முப்பது நிமிடம் கொடுங்கள். புது வால்வில் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓடும் கரண்டின் அளவு) நகரும். சரிசெய்யும் வசதி இருந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜில் ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் முதல் 20, 30 மணி நேரத்தில் சற்று இளகும். நம் ஊர்ச் சூடு அதற்கு நல்லதுதான். ஆனால் ‘இளகும்வரை’ என்று டிராக்கிங் ஃபோர்ஸை (ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடை), கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் போட்டிருக்கும் அளவுக்குக் கீழே குறைக்காதீர்கள். ஊசி பள்ளத்தில் ஒட்டாமல் துள்ளி, ரெக்கார்டைக் கெடுத்துவிடும்.

அப்பாவின் பழைய ஆம்பும் ஸ்பீக்கரும் 20 வருடமாகப் பரணில் கிடக்கின்றன. எடுத்துப் போட்டுப் பார்க்கலாமா? (கும்பகோணம்)

உங்களுக்குத்தான் உண்மையிலேயே பொறுமை வேண்டும். ஆம்புக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களில், மின்சாரமே பார்க்காத வருடங்களில் ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். திடீரென்று 230 வோல்ட்டைக் கொடுத்தால் வெடிக்கலாம். நீங்களாகச் சுவர் பிளக்கில் சொருகாதீர்கள். விஷயம் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். கரண்டைக் கட்டுப்படுத்தத் தொடரில் ஒரு பல்ப் போட்டோ, வேரியாக் என்ற கருவியில் மெதுவாக வோல்டேஜ் ஏற்றியோ உயிர்ப்பித்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் கெப்பாசிட்டர்களை மாற்றித் தருவார்.

ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியுள்ள எட்ஜை விரலால் லேசாகத் தொடுங்கள். ஃபோம் என்றால் மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டும். அப்படியானால் ஓட்டிப் பார்க்காமல் முதலில் ஃபோமை மாற்றுங்கள், சென்னைப் பக்கம் வந்தால் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். எட்ஜ் ரப்பராக இருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.