காட்டை ஒட்டிய மலைக் கிராமங்களில் தீ அபாயத்தைக் குறைக்க ஊர்மக்களால் என்ன செய்ய முடியும்?

கேட்டவர் கொடைக்கானல் மலைச்சரிவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர். மாசி, பங்குனி வந்தால் பக்கத்துக் காடு எரிகிறது, வனத்துறைக்குப் போன் செய்வதைத் தவிர நாங்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கூடவே வீட்டின் படமும் போட்டிருக்கிறார். சுவரை ஒட்டி வரிசையாக சைப்ரஸ் வேலி, அதற்குப் பின்னால் பைன் மரங்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம். தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கென ஒரே கூரையில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில்தான் இருக்கிறது. லைனுக்குப் பின்னால் தேயிலை, அதற்கு மேலே கற்பூர மரக் காடு. வெளியூர்க்காரர்கள் யூகலிப்டஸ் என்பதை நாங்கள் கற்பூர மரம் என்போம். தீயைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் மார்ச் மாதத்தில் அல்ல, ஜனவரியில். எங்கள் மலையில் மார்கழி, தையில் உறைபனி விழுந்து புல் கருகிவிடும். அதன் பிறகு வெயில் ஏறும், காற்றும் கூடும். கோடை மழை வரும் வரை ஒரு பொறி போதும். பொங்கல் முடிந்த கையோடு மண்வெட்டியையும் அரிவாளையும் எடுத்தால் உண்டு. பங்குனியில் புகையைப் பார்த்த பிறகு எடுத்தால் ஓடத்தான் நேரம் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மார்ச் மாத மதியம். கீழ்த் தோட்டம் ஒன்றில் கவாத்துக் குச்சியை, அதாவது தேயிலைச் செடியைக் கழித்துவிட்ட கிளைகளைக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாப்பிடப் போய்விட்டார்கள். கீழிருந்து காற்று ஏறியதும் சாம்பலுக்குள் இருந்த கங்கு காய்ந்த பெரணியைப் பிடித்து, அங்கிருந்து கற்பூரக் காட்டுக்குள் போய்விட்டது. அந்த மரத்தின் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும், பார்த்திருப்பீர்கள். அது பற்றினால் காற்றிலேயே பறக்கும். முழங்கை நீளத்துக்கு ஒரு பட்டை, ஒரு முனை மட்டும் சிவப்பாகக் கனிந்தபடி, தேயிலையைத் தாண்டி வந்து அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் விறகு அடுக்கில் விழுந்தது. அவர் மழைக்காகப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் சாக்கு முதலில் உருகியது, பிறகு விறகு பிடித்தது. துணி துவைத்த தண்ணீரை அப்படியே தூக்கி ஊற்றினார். நல்லவேளை, அவர் வீட்டில் இருந்தார். இல்லையென்றால் விறகுக்கு மேலே இருந்த கூரைக்கட்டையில் ஏறி லைன் முழுக்கப் போயிருக்கும். இத்தனைக்கும் காட்டில் எரிந்த தீ எங்கள் லைனுக்கு இருநூறு அடி பக்கத்தில்கூட வரவில்லை.

அதனால்தான் காட்டை விட்டுவிட்டு முதலில் வீட்டைப் பார்க்கச் சொல்கிறேன். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் என்பவர் 1990களின் கடைசியில் கனடாவில் நிஜக் காட்டையே எரித்து, எதிரே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். 10 மீட்டரில் இருந்த சுவர்களில் சில பற்றின, 20 மீட்டரில் இருந்தவை பற்றவில்லை. தூரத்தில் எரியும் பெருந்தீயின் சூட்டைவிட, பறந்து வரும் பொறிக்கு நம் சுவரோரம் என்ன கிடைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் வீட்டின் கதியைத் தீர்மானிக்கிறது.

எங்கள் லைனில் சுவரிலிருந்து ஐந்தடிக்கு எரிகிற பொருள் எதுவும் இப்போது கிடையாது. வெறும் மண் அல்லது ஜல்லி. விறகை வீட்டிலிருந்து தள்ளி, இறக்கத்தில் அல்லாமல் பக்கவாட்டில் அடுக்குகிறோம். தகரக் கூரையின் தண்ணீர்த் தகட்டில் சேரும் சருகை வாரம் ஒருமுறை அள்ளுவது பையன்களின் வேலை. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்துக்கும், காற்றுப் போகிற துளைகளுக்கும் பொடிக்கண் கம்பிவலை அடித்திருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்து மரங்களின் தாழ்ந்த கிளைகளை ஆள் எட்டும் உயரம் வரை கழித்துவிடுகிறோம். தரையில் ஓடும் தீ மரத்தில் ஏற அந்தக் கிளைகள்தான் ஏணி. லாண்டானா எனப்படும் உண்ணிச்செடியும் அப்படித்தான், மரத்தைச் சுற்றி ஏறித் தீயை உச்சிக்கே கொண்டுபோகும். அதை மேலாக வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே தூர்வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். பூத்துக் காய்ப்பதற்கு முன்னால் செய்தால்தான் பலன்.

அப்புறம் தீத்தடுப்புக் கோடு. தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் பதினைந்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி, மண் தெரிகிற மாதிரி விடுவது. நாங்கள் இருபது பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவோம். கோடு போட்டதோடு விட்டால் இரண்டே வாரத்தில் கற்பூர இலை உதிர்ந்து மூடிவிடும், எனவே மாசி முழுக்கக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று முக்கியம். காப்புக்காட்டுக்குள் நாமாகப் போய்ச் செடி வெட்டுவதும் தீ வைப்பதும் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். உங்கள் பகுதி வனக்காப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். எல்லையில் அவர்கள் போடும் கோட்டோடு நம் கோட்டைச் சேர்த்துக்கொண்டால் இரு தரப்புக்கும் வேலை மிச்சம்.

ஆனால் எங்கள் ஊரில் நிஜமாகவே மாற்றம் கொண்டுவந்தது கோடு இல்லை, ஊர்ப்பேச்சு. நம் காடுகளில் தீ ஏறக்குறைய எல்லாமே மனிதன் வைப்பதுதான், தெரிந்தோ தெரியாமலோ. 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட் டேல் பகுதியில் பல நாள் எரிந்த தீயும் தோட்டக் கழிவை எரித்ததில் தொடங்கியது என்றுதான் சொன்னார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, ரேலியா அணையில் மொண்டு மொண்டு சுமார் 16,000 லிட்டர் ஊற்றியது. அந்த வீரர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் அது நம் ஊருக்கு வரும் தண்ணீர் லாரியில் இரண்டு லாரி அளவு. தரையில் பச்சைக் கிளையால் அடித்தும் கோடு வெட்டியும் போராடியவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்தோம். பிப்ரவரி முதல் கோடை மழை நன்றாகப் பெய்யும் வரை யாரும் எதையும் எரிப்பதில்லை. கவாத்துக் குச்சியையும் இலையையும் தேயிலை வரிசைக்கு இடையில் பரப்பிவிடுகிறோம், மக்கி உரமாகிறது. எரித்தே ஆக வேண்டியது இருந்தால் ஜனவரிக்குள், பனி ஈரம் இருக்கும் காலையில், காற்று எழும் முன்பு. பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பேர் நிற்க வேண்டும். அணைத்த பிறகு சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நகர வேண்டும். முதல் வருடம் முணுமுணுத்தவர்கள்கூட இப்போது அடுத்தவருக்கு எடுத்துச் சொல்கிறார்கள். தைலம் காய்ச்சுகிறவர்கள் காட்டோரத்தில் உதிர்ந்த கற்பூர இலையை வாரிக்கொண்டு போவதும் பெரிய உதவி. எரிய வேண்டியது எண்ணெயாகிப் போகிறது.

உங்கள் இடம் சரிவு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தீ மேட்டில்தான் வேகமாக ஏறும், மேலே உள்ள புல்லைச் சூடாக்கிக்கொண்டே ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீயில் நாம் பறிகொடுத்தது காய்ந்த புல் நிறைந்த இப்படியொரு சரிவில்தான். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எங்கள் லைனில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி ரோட்டுக்கோ, பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரைக்கோ போங்கள். வீட்டில் உள்ள வயதானவர்களை முதலில் அனுப்புங்கள்.

போன் செய்வதும் வீண் இல்லை, சீக்கிரம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 101, 112 இரண்டையும் சமையலறைச் சுவரில் எழுதி, கீழே உங்கள் வனக்காப்பாளரின் எண்ணையும் சேருங்கள். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் தெரியும் தீயைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் ஊரில் நான்கு பேர் போனில் அது வருகிறது.

உங்கள் படத்தில் உள்ள அந்த சைப்ரஸ் வேலியை மட்டும் அடுத்த ஜனவரி வரை விட்டு வைக்காதீர்கள். வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், காய்ந்த குச்சியும் சருகுமாக இருக்கும். சமையலறை ஜன்னலுக்கு நேரே இருப்பதை முதலில் எடுங்கள். பைன் ஊசி ஜல்லியில் சேராமல் கூட்ட ஈர்க்குமாறு போதாது, இரும்புப் பல் வாருகோல் வாங்கிக்கொள்ளுங்கள்.